நடந்து பார்த்த வீடுகளும் நாம் இடித்த வீடுகளும்

கோடை விடுமுறை நெருங்கும் நாட்களில் லாச்சப்பல் கடைத்தெருவில் அரைமணி நேரம் நின்றால் போதும். எம்மவரின் விடுமுறைத் திட்டங்கள் யாவும் காதில் விழுந்துவிடும். இலண்டனில் கலியாணம், இலண்டனில் பூப்புனித நீராட்டு விழா, இலண்டனில் கோயில் தேர். பாரிஸ் வடக்குத் தொடருந்து நிலையம் இங்கிருந்து சில நிமிட நடை. யூரோஸ்ரார் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் இலண்டன். ஆயினும், சென்று திரும்பிய பிள்ளைகளிடம் இங்கிலாந்தில் எதைப் பார்த்தீர்கள் என்று வினவினால், ஈஸ்ற்ஹாமில் மாமா வீடும் வெம்பிளியில் ஒரு மண்டபமும் ரூட்டிங்கில் ஒரு புடைவைக் கடையுமே விடையாகக் கிடைக்கின்றன. பாரிசின் ஒரு தமிழ்த் தெருவில் புறப்பட்டு, இலண்டனின் இன்னொரு தமிழ்த் தெருவில் இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி விடுகிறோம். உறவைப் பேணுவது நல்லது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. இருபது ஆண்டுகளாக நானும் இதையே செய்து வந்தவன்.

என்னை மாற்றியது மகளின் பள்ளிக்கூட வேலை ஒன்று. குடும்பத்தின் பழைய வீடு ஒன்றை வரைந்து, அதன் பகுதிகளைக் குறித்து வருமாறு ஆசிரியர் கேட்டிருந்தார். உடன் படிக்கும் பிள்ளைகள் பிறெற்றன் கரையிலும் நோர்மண்டியிலும் உள்ள தாத்தா பாட்டி வீடுகளை வரைந்தார்கள். மகள் என்னிடம் வந்து, "அப்பா, உங்கட ஊர் வீடு எப்படி இருந்தது?" என்று கேட்டாள். நாள்தோறும் கணினி வலையமைப்புகளின் வரைபடங்களை வரைந்து சம்பளம் பெறும் பொறியியலாளன் நான். பிறந்து பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை என்னால் வரைய முடியவில்லை. நடுமுற்றத்தைச் சுற்றி எத்தனை தூண்கள்? சாமியறைக் கதவு எந்தப் பக்கம் திறந்தது? நினைவில்லை. நிழற்படங்கள் 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டு வெளியேறிய இரவோடு போயின.

வீட்டுக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எறிகணை எமது நாற்சார் வீட்டின் கூரையில் ஒரு மூலையைத்தான் உடைத்தது. சுவரும் தூணும் மரவேலையும் போர் முடிந்த பின்னரும் நின்றன. 2012இல் சித்தப்பா தொலைபேசியில் கேட்டபோது, "பழசை இடிச்சுப்போட்டு மாடி வீடாய்க் கட்டுங்கோ" என்று சொல்லிப் பணம் அனுப்பியவன் நானே. முதிரை மரத் தூண்களையும் கதவுகளையும் ஒரு வியாபாரி பாரவூர்தியில் ஏற்றிக்கொண்டு போனாராம். இன்று அந்த இடத்தில் நிற்கும் சீமெந்து வீடு ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிறது. போர் இடித்த வீடுகளுக்காக நாம் குரல் கொடுக்கிறோம். அது எமது கடமை. நாமே பணம் அனுப்பி இடித்த வீடுகளைப் பற்றி யார் பேசுவது?

இந்தக் கேள்விக்கும் இங்கிலாந்தில் நடந்து செல்லும் விடுமுறைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. தம் பழைய குடிசைகளையும் மாளிகைகளையும் தோட்டங்களையும் அந்நாட்டவர் எவ்வாறு காத்தார்கள் என்பதைப் பிள்ளைகளுடன் நடந்து சென்று பார்த்த பின்னர்தான், நான் எதை இழந்தேன் என்பது எனக்கே விளங்கியது.

"95இலை நடந்தது காணாதோ?"

கடந்த ஆண்டு யூன் மாதம் இலண்டனில் ஒரு கலியாணம். அதனோடு இரண்டு நாட்களைச் சேர்த்து, தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் நடப்பதெனத் தீர்மானித்தோம். வீட்டில் முதல் எதிர்ப்பு என் அம்மாவிடமிருந்து வந்தது. "95இலை நடந்தது காணாதோ? இப்ப காசு குடுத்து நடக்கப் போறியளோ?" என்றார். நான் சிரிக்கவில்லை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்த சனத்திரளில் நானும் ஒருவன். தோளில் பையுடன் நெடுந்தூரம் நடப்பது என்பது எம்மில் பலருக்கு இடப்பெயர்வின் நினைவு. ஆகவேதான் இந்நாட்டவர் பையைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே மகிழ்ச்சியோடு போவதைக் காணும்போது நமக்கு விளங்குவதில்லை. ஆனால், எம் பிள்ளைகளுக்கும் அந்த அச்சத்தை முதுசொமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

பயண ஒழுங்கு எளியது. இலண்டன் விக்ரோரியா நிலையத்தில் ஏறி, லூயிஸ் நகரில் மாறி, சவுத்தீஸ் என்னும் சிறு நிலையத்தில் இறங்கினோம். நிலையத்தை ஒட்டியே சவுத் டவுன்ஸ் வே என்னும் 160 கிலோமீற்றர் நீள நடைபாதை செல்கிறது. முதல் நாள் அங்கிருந்து அரைமணி நடையில் உள்ள றொட்மெல் என்ற ஊருக்குப் போனோம். ஊருக்குள் நுழைந்ததும் பிள்ளைகளை விட எனக்கே வியப்பு. அங்கே இருந்தது ஒழுங்கை, இருபுறமும் உயிர்வேலி, வேலிக்கு நடுவே ஆள் மட்டும் புகக்கூடிய கடவை. மாடு புகாது, மனிதர் புகலாம். எங்கள் ஊர்க் கடவையின் வேலையும் அதுதானே!

யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து றொட்மெல் வரை

றொட்மெல்லில் பலகை அடித்த சுவர்களையுடைய சிறு வீடு ஒன்று இருக்கிறது. பெயர் மங்ஸ் ஹவுஸ். எழுத்தாளர் வேர்ஜீனியா வுல்பும் அவருடைய கணவர் லெனாட் வுல்பும் 1919இல் 700 பவுணுக்கு ஏலத்தில் வாங்கிய வீடு. உலகெங்கிலுமிருந்து வாசகர்கள் வேர்ஜீனியாவுக்காக அங்கே வருகிறார்கள். தமிழராகிய நாம் லெனாட்டுக்காகவும் போகலாம். இலங்கைக் குடியியற் சேவையில் சேர்ந்து 1904இல் கொழும்பில் இறங்கிய அந்த இளைஞர், 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றினார். மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பையும் மேற்பார்வை செய்தார். பின்னர் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் இருந்துவிட்டுப் பதவியைத் துறந்தார். 1913இல் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதினார். பேரரசு ஆட்சியைக் கண்டிப்பவராகவும் மாறினார். 1969இல் இறக்கும் வரை றொட்மெல் தோட்டத்தைப் பேணியவர் அவரே. 1980 முதல் வீடும் தோட்டமும் தேசிய அறக்கட்டளையான நாஷனல் ட்ரஸ்ட்டின் பொறுப்பில் உள்ளன.

யாழ்ப்பாணத்தில் இரண்டரை ஆண்டு இருந்த ஒருவரின் இங்கிலாந்து வீடு, நாற்காலி முதல் பூச்செடி வரை பேணப்பட்டு நிற்கிறது. யாழ்ப்பாணத்திலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த எம்மவரின் வீடுகளில் இவ்வாறு பேணப்பட்டவை எத்தனை? மகளின் மனத்திலும் இக்கேள்வி எழுந்தது என்பதை அன்றிரவு லூயிசில் தங்கியபோது அவள் பேச்சிலிருந்து அறிந்தேன்.

பத்துப் பவுண் குடிசை

இரண்டாம் நாள் சவுத்தீசிலிருந்து புல்மேட்டின் முதுகு வழியே ஏறத்தாழ 11 கிலோமீற்றர் நடந்து அல்பிரிஸ்ரன் என்னும் ஊரை அடைந்தோம். வழியில் 217 மீற்றர் உயரமான ஃபேர்ள் பீக்கன் மேடு. ஒருபுறம் கடல், மறுபுறம் அடிவாரத்தில் ஊர்களும் ஃபேர்ள் மாளிகையும். பத்து வயது மகன் இரு இடங்களில் முறுகிக்கொண்டு உட்கார்ந்தான். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு போனது அப்போது உதவியது.

அல்பிரிஸ்ரனில் தேவாலயத்துக்கு அருகே கிளேர்ஜி ஹவுஸ் என்னும் கூரைவீடு நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மரச்சட்டம், வரிச்சு கட்டி மண் பூசிய சுவர், வைக்கோல் வகையால் வேய்ந்த கூரை. நாஷனல் ட்ரஸ்ட் 1895இல் தொடங்கப்பட்டது. அது விலைகொடுத்து வாங்கிய முதற் கட்டடம் இந்தக் குடிசைதான். 1896இல் கொடுத்த விலை 10 பவுண். சிதைந்து விழும் நிலையில் இருந்த குடிசை. இன்று ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு, அரண்மனையில் தொடங்காமல் ஓலைவீடு போன்ற ஒன்றில் தொடங்கியது என்பதை எம் பெற்றோர் மனங்கொள்ள வேண்டும்.

உள்ளே கூடத்தின் தரை வெண்மையானது. சுண்ணமண்ணை இடித்துப் பரப்பி, புளித்த பாலை ஊற்றி இறுக்கிய தரை அது. இதைக் கேட்டதும் மகள், "அப்பம்மா சொல்லுற சாணம் மெழுகின தரை மாதிரியே!" என்றாள். அதன் பிறகு அவள் பார்வை வேறாகிவிட்டது. சசெக்சின் நிலம் சுண்ணநிலம்; யாழ்ப்பாணத்தின் நிலமும் சுண்ணக்கல். அவர்கள் காலடியில் கிடந்த தீக்கல்லையும் ஓக் மரத்தையும் வைக்கோலையும் கொண்டு கட்டினார்கள். எம்மவர் சுண்ணக்கல்லையும் பனைமரத்தையும் கிடுகையும் கொண்டு கட்டினார்கள். குளிர்நாட்டு வீடு நடுவில் அடுப்பை வைத்து வெப்பத்தைச் சேர்த்தது. எமது நாற்சார் வீடு நடுவில் முற்றத்தை வைத்து வெப்பத்தை வெளியேற்றியது. இரண்டும் அறிவின் விளைவுகள். அவர்கள் தமது அறிவுக்குச் சீட்டுக் கொடுத்து உலகத்தை அழைக்கிறார்கள். நாம் எமதைப் பழசு என்று சொல்லிப் பாரவூர்தியில் ஏற்றிவிட்டோம்.

மாளிகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

குடிசையைப் பார்ப்பதோடு நில்லாமல், மாளிகையைப் பார்த்துக் கேள்வி கேட்கவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். இத்தகைய அழகான மாளிகைகள் பலவற்றின் பின்னால் எமது மண்ணின் செல்வமும் உண்டு. 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் தோமஸ் பிற். கோல்கொண்டாச் சுரங்கத்தில் கிடைத்த பெரிய வைரம் ஒன்றை அவர் வாங்கி, 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஓர்லியன்ஸ் கோமகனுக்கு விற்றார். அச்செல்வத்தைக் கொண்டு கோர்ன்வாலில் பொக்கொனொக் மாளிகையையும் நிலங்களையும் வாங்கினார். அந்த வைரமோ, 'ரெஜான்' என்ற பெயரில் இன்று எமது பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு உரியது. சென்னை, பாரிஸ், இங்கிலாந்து மாளிகை ஆகிய மூன்றையும் ஒரே கல் இணைக்கிறது!

இதை நான் மட்டும் சொல்லவில்லை. நாஷனல் ட்ரஸ்ட்டே 2020 செப்ரெம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டு, தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடோ அடிமை வணிகத்தோடோ தொடர்பு இருந்ததை எழுதி வைத்தது. அந்நாட்டில் அதற்குக் கடும் எதிர்ப்பும் கிளம்பியது. ஒரு வீட்டைப் பேணுவது என்பது அதன் பெருமையோடு சிறுமையையும் பேணுவதாகும். எமது வீடுகளுக்கும் இது பொருந்தும். நாற்சார் வீட்டின் திண்ணையில் யார் அமர முடிந்தது, யார் படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பாதையும் போராடிப் பெற்றதே

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,25,000 கிலோமீற்றர் பொதுவழிகள் உள்ளன. தனியார் வயலூடே சென்றாலும் அவற்றை நில உரிமையாளர் தம் விருப்பப்படி மூட முடியாது. இவ்வுரிமை முழுவதும் தானாகக் கிடைத்ததன்று. 1932 ஏப்பிரலில் கிண்டர் ஸ்கௌட் மலையில் தொழிலாளர் இளைஞர்கள் தடையை மீறிக் கூட்டமாக நடந்தார்கள். அதற்காக ஐவர் சிறை சென்றார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவழிகளை வரைபடத்தில் பதியுமாறு உள்ளூர் ஆட்சிகளைப் பணித்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேய்ச்சல் நிலம் முதலிய திறந்த வெளிகளில் நடக்கும் உரிமையைத் தந்தது. மாளிகைகளின் கதையும் இதுதான். 20ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாளிகைகளை அந்நாட்டவர் தாமே இடித்தார்கள். 1974இல் இலண்டன் விக்ரோரியா அல்பேட் அருங்காட்சியகம் அந்த அழிவைப் பற்றிக் கண்காட்சி வைத்தபோதுதான் பலர் விழித்தார்கள். ஆகவே, காலம் கடந்துவிட்டது என்று நாம் சோர்ந்துவிடத் தேவையில்லை.

நடப்போரைப் போற்றிய மரபு எமக்கும் உண்டு. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை நடந்து செல்லும் அடியார் கூட்டம் இன்றும் உண்டு. வழிப்போக்கருக்கென மடம் கட்டினோம். சுமையை இறக்கச் சுமைதாங்கி நட்டோம். மாட்டுக்கு ஆவுரஞ்சிக்கல் நாட்டினோம். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கப் படலைக்கே கூரை போட்டுச் சங்கடப்படலை என்றோம். பருத்தித்துறையில் வீதியின் குறுக்கே நிற்கும் தெருமூடிமடம் அதற்குச் சான்று. நடைப் பயணம் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள், எமது முன்னோர் நடப்பவருக்காக எதையெல்லாம் கட்டினார்கள் என்பதை மறந்தவர்களே.

கால்வாயைக் கடக்க முடியாதவர்களுக்கு

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களும் 2025 ஏப்பிரல் முதல் பிரித்தானியாவுக்குச் செல்லக் கடவுச்சீட்டுடன் முன்கூட்டிய மின்னணுப் பயண அனுமதி பெற வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நுழைவிசைவு தேவை. அது எல்லோருக்கும் எளிதன்று, செலவும் உண்டு. வார இறுதியிலும் உணவகங்களில் வேலைசெய்யும் பெற்றோரின் நிலையையும் நான் அறிவேன்.

அவர்களுக்கு ஒரு நாள் போதும். அதே வடக்குத் தொடருந்து நிலையத்தில் ஏறினால் ஏறத்தாழ 25 நிமிடத்தில் ஷான்ரிய்யி. நிலையத்திலிருந்து நடந்தே கோட்டைக்குப் போகலாம். லு நோத்ர் வகுத்த பெருந்தோட்டத்துக்குள், ஆங்கில முறையில் அமைந்த இன்னொரு தோட்டமும், 1774–75இல் கொண்டே இளவரசர் கட்டுவித்த சிற்றூரும் உள்ளன. ஏழு குடிசைகளில் ஐந்து எஞ்சியுள்ளன. வெளியே பார்த்தால் உழவர் குடிசை. உள்ளே செல்வர் விருந்துண்ட கூடம். உழவனின் வறுமையை விளையாட்டாகக் கட்டிப் பார்த்த காலம் அது. பதினைந்து ஆண்டுகளுக்குள் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. குடிசை என்பது ஒருவருக்கு வாழ்க்கையாகவும் இன்னொருவருக்கு வேடிக்கையாகவும் இருந்ததைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல இடம் பாரிசுக்கு அருகில் எனக்குத் தெரியவில்லை.

நாம் செய்யக்கூடியவை

அன்பார்ந்த பெற்றோரே, இனி இலண்டன் கலியாணத்துக்குச் செல்லும்போது ஒரு நாளையாவது கூட்டிக்கொள்ளுங்கள். 1:25,000 அளவு வரைபடம் ஒன்றையும் மழை அங்கியையும் நல்ல காலணியையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய வீடுகள் பல, வசந்தகாலம் முதல் இலையுதிர்காலம் வரை குறித்த நாட்களில் மட்டுமே திறந்திருப்பதால் முன்னரே பார்த்து வையுங்கள். பெண்பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

இளையோரே, அங்கே பழகிய கண்ணோடு ஊருக்குப் போங்கள். அடுத்த முறை யாழ்ப்பாணம் சென்றால், இன்னும் நிற்கும் பழைய வீடு ஒன்றின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, அளவுநாடாவால் அளந்து, தரைப்படம் வரையுங்கள். தூண், நிலை, முகடு, தாழ்வாரம் ஒவ்வொன்றின் பெயரையும் அம்மம்மாவிடமும் அப்பம்மாவிடமும் கேட்டுக் குரலைப் பதிவுசெய்யுங்கள். 2005 முதல் எமது எழுத்துகளையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தைப் போன்ற இடங்களுக்கு அவற்றைக் கொடுங்கள். எல்லா வீடுகளையும் காப்பாற்ற எம்மால் இயலாது. வாழ்பவர்களுக்கு ஒழுகாத கூரை வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால், இடிப்பதற்கு முன் ஒரு நாள் அளந்து வரைய இயலும். பணம் அனுப்புகிறவர் அந்த ஒரு நாளைக் கேட்கலாம். நான் கேட்கவில்லை.

பாரிசுக்குத் திரும்பிய வாரம் மகள் ஒரு தாளை அப்பம்மாவின் முன் விரித்தாள். அம்மா சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு தூண்களாம். சாமியறைக் கதவு கிழக்கே திறந்ததாம். கிணற்றடிக்குப் போகும் வாசலில் படி ஒன்று உடைந்திருந்ததாம். அதில் நான் விழுந்து நாடியில் காயப்பட்டேனாம். அந்தத் தழும்பு இன்றும் என்னிடம் இருக்கிறது. அது எந்தப் படியில் வந்தது என்பதை நாற்பது வயது கடந்த பின்னர், என் மகள் வரைந்த படத்திலிருந்து தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி வரையச் சொல்லக்கூடிய ஒருவர் இன்னும் இருக்கக்கூடும். இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.